மருந்துக்கடைக் கண்ணாடியில் ஒரு டின் பால் படம்

போன மாதம் இங்கே சிங்கப்பூரில், தெம்பனிஸ் வட்டாரத்தில் ஒரு மருந்துக்கடை வாசலில் அரை மணி நேரம் நின்றுவிட்டேன். மருந்து வாங்குவதற்காக இல்லை. கடைக் கண்ணாடிக்குள் ஆள் உயரத்துக்கு ஒரு திரை வைத்திருக்கிறார்கள். நீரிழிவு, ரத்தக்கொதிப்பு, சளிக்காய்ச்சல் ஊசி என்று படங்கள் மாறி மாறி வருகின்றன. உள்ளே வேலை பார்க்கும் கவிதா, பிடோக்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் மேல்மாடிக்காரி, என்னைப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள்.

"என்ன ஆன்ட்டி, ஓசில டிவி பாக்குறீங்களா?"

"இந்தத் திரைய தினமும் காலையில யாரு வெளியில வந்து நின்னு பாக்குறா?" என்று கேட்டேன்.

"யாரும் பாக்க வேணாம் ஆன்ட்டி. ஹெட் ஆபீஸ்லருந்து தானா வருது. நாங்க உள்ளாரதானே இருக்கோம், எங்களுக்குத் தெரியவே தெரியாது."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. நடைபாதையில் நின்றே அந்தப் பெண்ணைப் பிடித்துக் கத்தியிருக்கிறேன். எனக்கு வாய் நீளம், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அவள் பாவம், கோபித்துக்கொள்ளவில்லை. "ஏதோ கதை இருக்கு போல. எங்க ஸ்டாஃப் பத்திரிகைக்கு எழுதிக் குடுங்க லா ஆன்ட்டி" என்றாள். இது கதை இல்லை, நான் செய்த வேலை. நான் செய்த தப்பும் இதில் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு எழுதுவதானால் எழுதாமலே இருந்துவிடலாம்.

ஐம்பதுகளின் பிற்பாதியில், பத்தொன்பது வயதில், சிராங்கூன் ரோட்டில் ஒரு மருந்துக்கடையில் சேர்ந்தேன். எங்கள் மாதா கோயில் சாமியார் எழுதிக் கொடுத்த ஒரு கடிதமும், கான்வென்டில் பரிசு வாங்கிய கையெழுத்தும்தான் என் தகுதி. முதல் இரண்டு வருடம் பாட்டில் கழுவினேன், பொடியை எடைபோட்டுக் காகிதத்தில் மடித்தேன், லேபிள் எழுதினேன். குடிக்கும் மருந்துக்குக் கறுப்பு மை. மேலே பூசுவதற்கும் விஷத்துக்கும் சிவப்பு மை. இந்தச் சிவப்பு மை பின்னால் வரும்.

கடையின் பார்மசிஸ்ட் மிஸ்டர் துரைரத்தினம். யாழ்ப்பாணத்துக்காரர். ஐம்பது வயதிருக்கும். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் ஏற்றி ரப்பர் வளையம் போட்டிருப்பார். குரலை உயர்த்தியே பேச மாட்டார். என்னைப் போன்ற சின்னப் பெண்ணைக்கூட 'நீர்', 'வாரும்' என்றுதான் கூப்பிடுவார். ஒரு மருந்தைக் கலந்து முடித்தால் உடனே கொடுக்க மாட்டார். சீட்டை மறுபடி ஒருமுறை முதலிலிருந்து படிப்பார். வரிசையில் நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள், அவர் காதிலேயே வாங்க மாட்டார்.

அந்தக் காலத்தில் வானொலிப் பெட்டி இருக்கும் வீடு குறைவு. படிக்கத் தெரிந்த பெண்கள் அதைவிடக் குறைவு. எங்கள் கடைக் கண்ணாடிதான் அந்த வட்டாரத்துக்குப் பாடப் புத்தகம். கண்ட இடத்தில் எச்சில் துப்பாதே, இருமல் விடாவிட்டால் எக்ஸ்ரே எடுத்துக்கொள், தண்ணீரைக் காய்ச்சிக் குடி, பிள்ளைக்கு ஊசி போடு என்று மாதத்துக்கு ஒரு படம். அச்சடித்த படங்கள் சுகாதார இலாகாவிலிருந்து ஆங்கிலத்திலும் சீனத்திலும் மலாயிலும் கட்டுக்கட்டாக வரும். தமிழ்ப்படம் கடைசியில் நாலு வரும், சில மாதம் அதுவும் வராது. அதனால் தமிழ்ப்படத்தை நானே அட்டையில் வரைந்து எழுதும்படி ஆயிற்று. எனக்கு அதில் பெருமை தாங்கவில்லை.

மிஸ்டர் துரைரத்தினத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. காலையில் கடை திறந்ததும் அவர் முதலில் செய்வது, குடையை எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டி எதிரே இருக்கும் பூக்கடைப் பக்கம் போவது. அங்கே நின்று எங்கள் கண்ணாடியைப் பார்ப்பார். பிறகு இந்தப் பக்கம் வந்து, அஞ்சடி என்று நாங்கள் சொல்லும் கடைமுன் நடைபாதையில் நின்று, கண்ணாடியில் மூக்கு முட்டும்படி கிட்டத்தில் பார்ப்பார். அதன் பிறகுதான் வெள்ளைக் கோட்டைப் போடுவார். பூக்கடைக்காரர் கோவிந்தன் அவரைப் பார்த்து, "ஐயா கடைக்கு இன்னைக்கும் பொண்ணு பாக்க வந்துட்டாரு" என்று கேலி செய்வார்.

ஒருநாள் நானும் கேட்டேன், தினமும் அதே படம்தானே, எதற்கு இந்த நடை என்று.

"நாங்கள் உள்ளுக்கு நிக்கிற ஆக்கள். எங்களுக்குத் தெரியிறது அதின்ர முதுகு மட்டும்தான்" என்றார். "சனங்கள் பாக்கிறது முகத்தை. அங்க போய் நிண்டு பாத்தாத்தான் தெரியும்."

உண்மைதான். படம் தெருவைப் பார்த்து ஒட்டியிருக்கும். கடைக்குள் எங்களுக்கு வெறும் அட்டையின் பழுப்புப் பின்பக்கம். எத்தனை மாதம் தொங்கினாலும் முன்பக்கம் எப்படி இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. எங்கள் கடை மேற்கைப் பார்த்த கடை வேறு. அஞ்சடிக்குக் கூரை இருந்தும், நாலு மணிக்கு வெயில் சாய்ந்து நேராகக் கண்ணாடியில் அடிக்கும். அதனால்தான் எந்தப் படத்தையும் ஒரு மாதத்துக்கு மேல் விடக்கூடாது என்பதும் அவர் சட்டம்.

எனக்கு இருபத்திரண்டு வயதானபோது, மகள் கல்யாணத்துக்காக அவர் கப்பலேறி ஊருக்குப் போனார். மூன்று மாத விடுப்பு. மருந்து கலக்க ஒரு தற்காலிகப் பார்மசிஸ்ட் வந்தார். அவருக்குக் கண்ணாடியைப் பற்றி அக்கறை இல்லை. "கண்ணாடியை நீர் பாத்துக்கொள்ளும்" என்று என்னிடம்தான் சொல்லிவிட்டுப் போனார் மிஸ்டர் துரைரத்தினம்.

அந்த மாதத்து விஷயம் டின் பால். தேநீருக்கு ஊற்றும் இனிப்பு டின் பாலைத் தண்ணீரில் கரைத்துக் கைக்குழந்தைக்குக் கொடுக்கும் பழக்கம் அப்போது எங்கும் பரவியிருந்தது. அதில் சர்க்கரைதான் அதிகம், பிள்ளை வளரத் தேவையானது போதாது. அதோடு தண்ணீரும் சரியாகக் காய்ச்சாததாக இருந்தால் வயிற்றுப்போக்கு பிடித்துக்கொள்ளும். கொடுக்காதே என்று சொல்லி ஒரு படம் போட வேண்டும்.

நான் வரைந்தேன். நோஞ்சான் குழந்தையை வரைந்தால் யார் நின்று பார்ப்பார்கள் என்று ஒரு யோசனை வந்தது. கொழுகொழுவென்று ஒரு குழந்தை வரைந்தேன். சுருட்டை முடி, கன்னத்தில் குழி, அதன் மேல் பெரிய திருஷ்டிப் பொட்டு. பக்கத்தில் ஒரு டின், ஒரு பால் பாட்டில். மேலே கறுப்பில் 'டின் பால் குழந்தைக்கு' என்று ஒரு வரி, கீழே சிவப்பில் 'கொடுக்காதே' என்று பெரிய எழுத்து. படத்தின் மேல் மூலைக்கு மூலை பெரிய சிவப்புப் பெருக்கல் குறி. வர்ணப் பெட்டியில் சிவப்பு தீர்ந்துபோயிருந்தது. வாங்கி வரச் சோம்பல். லேபிள் எழுதும் சிவப்பு மையை எடுத்தேன். அது வர்ணத்தைவிடப் பளிச்சென்று இருந்தது. அலமாரிக்குள் இருட்டில் இருக்கும் பாட்டிலுக்கு ஏற்ற மை அது. வெயிலில் எத்தனை நாள் நிற்கும் என்று நான் யோசிக்கவே இல்லை. கறுப்புக்கு நான் எடுத்தது இந்தியன் இங்க். அது தேய்த்தாலும் போகாது.

படம் வட்டாரத்தையே இழுத்துவிட்டது. பெண்கள் நின்று அந்தத் திருஷ்டிப் பொட்டைக் காட்டிச் சிரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நாலு பேர், "அந்தப் பாப்பா படம் நீதான் போட்டியாமே ரோசலின்" என்று கேட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மாதம் முடிந்தது, கழற்ற மனசு வரவில்லை. இரண்டாம் மாதமும் முடிந்தது. காலையில் ரோட்டைத் தாண்டிப் போய்ப் பார்ப்பது முதல் வாரத்தோடு நின்றுபோயிற்று. நான் போட்ட படத்தை நானே போய்ப் பார்ப்பானேன் என்று ஒரு திமிர். பக்கத்துச் சந்திலிருந்து பின்வாசல் வழியாகவே கடைக்கு வந்து போய்க்கொண்டிருந்தேன்.

பாக்கியம் எங்கள் கடைக்கு வாராவாரம் வருகிறவள். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. என்னைவிட இளையவள். புருஷன் மாரிமுத்து துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். பின்சந்தில் ஒரு கடைவீட்டு மாடியில் ஒற்றை அறையில் குடியிருந்தார்கள். வெள்ளைக் கோட்டு போட்டவள் எல்லாம் அவளுக்கு நர்ஸ்தான், அதனால் என்னையும் நர்ஸைக் கூப்பிடுவதுபோல 'மிஸ்ஸி' என்றுதான் கூப்பிடுவாள். மூன்று மாதத்துப் பெண் குழந்தை. வயிற்றுவலிக்குக் கிரைப் வாட்டர் வாங்க வருவாள். நான் லேபிளில் 'பாக்கியம் குழந்தை' என்று எழுதிக் கொடுப்பேன். பேர் என்ன என்று கேட்டதில்லை.

மிஸ்டர் துரைரத்தினம் திரும்பி வந்த நாள். கப்பலிலிருந்து நேரே டாக்சியில் பின்சந்தில் இறங்கி, பெட்டியும் கையுமாகப் பின்வாசல் வழியே கடைக்குள் வந்து, எங்களுக்குப் பனங்கட்டி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். மணி நாலு இருக்கும். பாக்கியம் குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"மிஸ்ஸி, ரெண்டு நாளா வயித்தால போவுது. இப்ப அழக்கூட மாட்டேங்குது. ஒரு மருந்து குடுங்க."

துணியை விலக்கினேன். குழந்தையின் கண் உள்ளே போயிருந்தது. உதடு காய்ந்து வெடித்திருந்தது.

"என்ன பால் குடுக்குற?"

"எனக்குப் பால் வத்திப்போச்சு மிஸ்ஸி. வீட்டு வேலைக்குப் போறேன்ல. ரெண்டு வாரமா டின் பால்தான் கரைச்சுக் குடுக்குறேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. கடை நிறைய ஆட்கள் இருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் கத்தினேன். "உனக்கு அறிவு இருக்கா? எத்தன மாசமா கண்ணாடியில படம் போட்டு வெச்சிருக்கேன். கண்ணு தெரியலியா?"

அவள் மிரண்டுபோனாள். "படத்தப் பாத்துத்தானே மிஸ்ஸி குடுத்தேன்" என்றாள். "நீங்க போட்டிருக்கீங்களே. அந்தப் புள்ள மாதிரி தேறிரும்னு..."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே போனேன். அவளுக்குக் காட்ட வேண்டும் என்று. அஞ்சடியில் நின்று, "இதோ பாரு" என்று விரலை நீட்டினேன்.

பெருக்கல் குறி இல்லை. 'கொடுக்காதே' இல்லை. நாலு மணி வெயில் கண்ணாடியில் முழுசாக அடித்துக்கொண்டிருந்தது. கொழுகொழுவென்ற குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் டின், பாட்டில். மேலே கறுப்பில் 'டின் பால் குழந்தைக்கு'. கிட்டப் போய்ப் பார்த்தால் மட்டும் கழுவின வெற்றிலைக் கறைபோல ஒரு ரோஸ் கோடு. நீட்டின விரலை மடக்கக்கூட எனக்குத் தெரியவில்லை.

மிஸ்டர் துரைரத்தினம் எங்கள் பின்னாலேயே வந்து நின்றிருந்தார். படத்தை ஒரு தடவை பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. குழந்தையை வாங்கி வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளி விட்டுப் பார்த்தார். மடிந்த தோல் மடிந்தபடியே நின்றது. உச்சிக்குழியைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சி ஆறின தண்ணீரில் குளுக்கோஸ் பொடியும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டுக் கரைக்கச் சொன்னார். அவசரத்தில் உப்பைச் சிந்திவிட்டேன். "ஆறுதலா. திரும்பப் போடும்" என்றார். அந்த நேரத்திலும் 'போடும்' என்றுதான் சொன்னார். வியாபார நேரத்திலேயே கடைக் கதவைச் சாத்திவிட்டு டாக்சி பிடித்தோம். ஆஸ்பத்திரி போகும்வரை குழந்தையின் வாயில் கரண்டியால் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே வந்தார். பாதி கடைவாயில் வழிந்துவிட்டது.

டாக்டரிடம் அவர் ஒளிக்கவில்லை. எங்கள் கடைக் கண்ணாடியில் இருந்த படம் தப்பு, அதைப் பார்த்துத்தான் கொடுத்திருக்கிறார்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னார். டாக்டர் எழுதிக்கொண்டார். ஆனால் வார்டில் பாக்கியத்தைச் சுற்றி நின்ற சனம் தமிழில் திட்டியது. பெற்ற பிள்ளைக்குச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தாளே, இவளெல்லாம் ஒரு தாயா என்று. அவள் யாருக்கும் பதில் சொல்லவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன். நானும் வாய் திறக்கவில்லை. ஊருக்கெல்லாம் நீளும் என் வாய் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது.

மூன்றாம் நாள் காலையில் குழந்தை செத்துப்போயிற்று.

கடைக்கு வந்து நான் அந்தப் படத்தைக் கழற்றிக் கிழிக்கப் போனேன். மிஸ்டர் துரைரத்தினம் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். சுருட்டி, மருந்து பார்சல் கட்டும் நூலால் கட்டி, விஷ அலமாரியில் வைத்துப் பூட்டினார். திட்டுவார் என்று இருந்தேன். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

ஒரு வாரம் கழித்துப் பூக்கடைக் கோவிந்தன் வந்து ஒரு செய்தி சொன்னார். "அந்தப் பாக்கியத்த ஊருக்கு அனுப்பப் போறாங்களாம் ஐயா. மாரிமுத்துவும் அவன் அண்ணனும் கப்பலுக்கு ஏற்பாடு பண்ணிட்டாங்க. புள்ளையத் தின்னவ இனிமே வேணாம்னுட்டான்."

அவர் போனதும் மிஸ்டர் துரைரத்தினம் அலமாரியைத் திறந்து அந்தச் சுருளை எடுத்து மேசையில் வைத்தார்.

"நான் உம்மை வேலையால நிப்பாட்டப் போறதில்லை. கண்ணாடி என்ர பொறுப்பு, விட்டிட்டுப் போனது நான். ஆனா அந்தப் பிள்ளை செய்யாத பிழைக்குக் கப்பல் ஏறக் கூடாது. நானும் வாறன். பேசுறது நீர்."

"போலீஸுக்குப் போயிட்டா, சார்?"

"போகட்டும்."

அன்றைக்கு மாலையே பாக்கியத்தின் அறைக்குப் போனோம். மாடி ஏறும்போது, மாரிமுத்து அடிப்பான் என்று நினைத்தேன், போலீஸ் வரும் என்று நினைத்தேன், அம்மாவிடம் என்ன சொல்வது என்று நினைத்தேன். மாதாவே, அவன் வீட்டில் இருக்கக் கூடாது என்றுகூட வேண்டிக்கொண்டேன். அவன் இருந்தான். அண்ணனும் இருந்தான். பாக்கியம் மூலையில் ஒரு தகரப் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பெட்டி கட்டியாகிவிட்டது.

படத்தைத் தரையில் விரித்தேன். நான்கு மூலையையும் கையால் அமுக்க வேண்டியிருந்தது, அது சுருண்டுகொண்டே வந்தது. மாரிமுத்துவுக்குக் கொஞ்சம் எழுத்துக் கூட்டத் தெரியும். "இதுல என்ன எழுதியிருக்குன்னு படிங்கண்ணே" என்றேன்.

"டின்... பால்... குழந்தைக்கு." படித்துவிட்டு நிமிர்ந்தான். "இது என்னா மிஸ்ஸி? அப்ப இத குடுக்கணும்னுதானே போட்டிருக்கு?"

"குடுக்காதேன்னு எழுதியிருந்தேன். கெட்ட மையில எழுதிட்டேன். வெயில்ல அழிஞ்சுபோச்சு. தினமும் வெளியில போய்ப் பாக்கணும், அது என் வேல. நான் பாக்கல. பாக்கியம் மேல ஒரு தப்பும் இல்லண்ணே. என் மேலதான். வார்டிலயே சொல்லியிருக்கணும், பயந்துக்கிட்டுச் சொல்லல."

அவன் அண்ணன் எழுந்து என் பக்கம் வந்தான். மிஸ்டர் துரைரத்தினம் குறுக்கே வந்து நின்றார். மாரிமுத்து எழவில்லை. படத்தில் இருந்த குழந்தையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு குப்புற விழுந்து பாக்கியத்தின் காலருகே அழ ஆரம்பித்தான். "வார்டு பூரா உன்னப் பேசவிட்டேனே, நானும் சேந்து பேசினேனே" என்று அவளிடம் சொல்லிச் சொல்லி அழுதான்.

பாக்கியம் அழவில்லை. என்னைப் பார்த்து, "சாந்தின்னு பேரு வெச்சிருந்தோம்" என்றாள். பிறகு, "வெளிய போங்க" என்றாள்.

அவள் கப்பலேறவில்லை. போலீஸும் வரவில்லை. ஆனால் அவள் எங்கள் கடைப் பக்கம் வருவதை விட்டுவிட்டாள். ரோட்டுக்கு அந்தப் பக்கமாகவே வேலைக்குப் போவாள், வருவாள். எங்கள் கண்ணாடி வெறுமையாகக் கிடந்தது. அச்சடித்த படங்கள் கட்டுக்கட்டாகப் பின்னறையில் கிடந்தன. என்னால் தூரிகையைத் தொட முடியவில்லை, மிஸ்டர் துரைரத்தினமும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் காலையில் ரோட்டைத் தாண்டி அந்த வெறும் கண்ணாடியைப் போய்ப் பார்த்துவிட்டு வருவதை அவர் நிறுத்தவில்லை. நானும் கூடப் போனேன்.

ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஒரு காலை பாக்கியம் கடைக்குள் வந்தாள். ஆறு மாத வயிறு.

"ஏன் ஒண்ணும் போடாம வெச்சிருக்கீங்க?" என்று கேட்டாள்.

பயமாக இருக்கிறது என்றேன்.

"எனக்கும்தான் பயமா இருக்கு மிஸ்ஸி. இந்தப் புள்ளைக்கு என்ன குடுக்கணும், என்ன ஊசி போடணும்னு எனக்கு யாரு சொல்லுவா? எழுதினா எனக்குப் படிக்கத் தெரியாது. படம் போடுங்க."

அன்றைக்கே உட்கார்ந்தேன். இந்தத் தடவை செய்யக்கூடாததை வரையவில்லை. ஒரு தாய் பிள்ளைக்குத் தாய்ப்பால் கொடுக்கிறாள், அவ்வளவுதான். குறியும் இல்லை, சிவப்பும் இல்லை. ஒட்டுவதற்கு முன்னால் பாக்கியத்தை அஞ்சடியில் நிறுத்தி, உள்ளேயிருந்து படத்தைக் கண்ணாடியில் வைத்துப் பிடித்தேன். "இதுல நான் என்ன செய்யச் சொல்றேன்?" என்று கேட்டேன். அவள் நெடுநேரம் பார்த்துவிட்டுச் சரியாகச் சொன்னாள். அதன் பிறகுதான் ஒட்டினேன். அதிலிருந்து எந்தப் படமாக இருந்தாலும் படிக்கத் தெரியாத ஒருவர் வெளியே நின்று பார்த்துச் சொன்ன பிறகே ஒட்டுவது என்று எங்கள் கடையில் வழக்கமாயிற்று. பெரும்பாலும் அந்த ஒருவர் பாக்கியம்தான்.

அவளுக்கு ஆண் பிள்ளை பிறந்தது. தாய்ப்பால் குடித்து வளர்ந்தது. அறுபதுகளில் மிஸ்டர் துரைரத்தினம் ஓய்வு பெற்று ஊருக்கே போய்விட்டார். போகும்போது குடையை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

அதற்கு அடுத்த வருடம் கொசு ஒழிப்புப் படம் ஒன்று அச்சாகி வந்தது. திறந்து கிடக்கும் தண்ணீர்ப் பீப்பாய், அதன் மேல் சிவப்புப் பெருக்கல் குறி. பெருக்கல் குறி என்றாலே எனக்கு ஆகாது. இருந்தாலும் அச்சு மைதானே, காலையில் நானும் பார்த்துவிட்டுத்தானே வருகிறேன் என்று ஒட்டினேன். மூன்றாம் வாரம் எனக்குக் காய்ச்சல், இரண்டு நாள் கடைக்கு வரவில்லை. வந்த அன்று வரிசையில் ஆள் நிறைய. குடையை எடுக்கவில்லை. அப்புறம் போகலாம் என்று, புதுப் பார்மசிஸ்டுக்கு உதவியாக மருந்து கலக்க உட்கார்ந்துவிட்டேன்.

யாரோ கண்ணாடியை வெளியிலிருந்து டொக் டொக்கென்று தட்டினார்கள். நிமிர்ந்தேன். வேலைக்குப் போகிற வழியில் பாக்கியம் நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் பையன். நாங்கள் உள்ளே பார்ப்பது முதுகு, அவள் வெளியே பார்ப்பது முகம். அவள் விரல் படத்தின் மேல் இருந்தது.

"அக்கா," என்றாள். அதுவரை மிஸ்ஸி என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். "அக்கா, சிவப்பு வெளுக்குது. கழட்டுங்க."

கையிலிருந்ததை அப்படியே வைத்துவிட்டு எழுந்து கழற்றினேன். அவள் கண்ணாடி காலியாகும்வரை நின்று பார்த்துவிட்டு வேலைக்குப் போனாள்.